டெல்கோ மூடியில் சந்தனம்

மழைக்காலக் காலைகளில் லஸ் முனை டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு சத்தம் கேட்கும். க்ர்ர்... க்ர்ர்... க்ர்ர்... எஞ்சின் சுற்றும். சுற்றுமே தவிரப் பற்றிக்கொள்ளாது. "செல்ஃப் எடுக்குது, வண்டி எடுக்கல" என்று டிரைவர்கள் அலுத்துக்கொள்வார்கள். பாட்டரியில் உயிர் இருக்கிறது, செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றிவிடுகிறது, ஆனாலும் வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது என்று அர்த்தம்.

அப்படி ஒரு வண்டி நின்றால் ஸ்டாண்டில் எல்லாரும் பொன்னுரங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மெக்கானிக் இல்லை, அவரும் டாக்ஸி ஓட்டுகிறவர்தான். ஆனால் பொறுமைசாலி. பானெட்டைத் திறந்துகொண்டே சொல்வார்.

"ஒண்ணு பெட்ரோல் வரல. இல்ல, கரண்டு வரல. மூணாவது காரணமே கெடையாது."

நான் அப்போது ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து டீக்கடையில் நான் குடித்த டீயில் பாதி பொன்னுரங்கத்தோடு நின்று குடித்தது. இப்போது இருக்கும் ஊரில் வருஷத்தில் பாதி பனி. காலையில் கார் எடுக்குமோ எடுக்காதோ என்ற கவலையோடுதான் விழிக்கிறேன். காரோடு கொடுத்த கையேட்டில் எல்லா உறுப்புகளுக்கும் இங்கிலீஷில் படம் போட்டுப் பெயர் எழுதியிருக்கிறது. பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் அந்தக் கறுப்புக் கிண்ணத்துக்கும் நீளமாக ஒரு பெயர் உண்டு. எனக்கு மட்டும் அது இன்றைக்கும் டெல்கோதான். சென்னையில் அதற்கு அதுதான் பெயர். அந்த டெல்கோவின் மூடியைப் பார்க்கும்போதெல்லாம் பொன்னுரங்கம் என்ன செய்துகொண்டிருப்பாரோ என்று மனது அடித்துக்கொள்கிறது.

அவருக்கு அப்போது நாற்பது இருக்கும். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை வெளுத்துப் போயிருக்கும், அழுக்காக ஒருநாளும் இருக்காது. மந்தைவெளிக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில், அக்கா குடிசையை ஒட்டி ஒரு சார்ப்பு இறக்கி அதில் தனியாக இருந்தார். மனைவி முத்தம்மா முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. எனக்குச் சொன்னது வலியுல்லா. வலியுல்லா அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர், பொன்னுரங்கத்தின் கூட்டாளி, ஊர் வாய் மொத்தத்தையும் தனக்கே குத்தகைக்கு எடுத்தவர். இனி நான் எழுதப்போவதில் பாதி பொன்னுரங்கம் சொன்னது, மீதி வலியுல்லா சொன்னது. இரண்டும் பொருந்தாத இடங்களில் வலியுல்லாவை நம்பியிருக்கிறேன். அவருக்குப் பொய் சொல்லும்போது சிரிப்பு வந்துவிடும்.

தி. நகரில் சண்முகவேல் என்று ஒரு ஜவுளிக்கடை முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பனகல் பூங்காவுக்கு அருகே கடை போட்டு முன்னுக்கு வந்தவர். ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது. பகல் முழுவதும் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸை வைத்தார்கள். அவள்தான் ஆரோக்கியமேரி. சாந்தோமில் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய சந்தில் வீடு. அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தம்பிகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். மேரிக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சு வருவதும் போவதுமாக இருந்து, பிறகு வருவதையே நிறுத்திவிட்டது.

அவளைக் காலையில் சாந்தோமிலிருந்து கூட்டிவர, மாலையில் கொண்டுபோய் விட, கடையில் ஒரு டாக்ஸி பேசினார்கள். அது பொன்னுரங்கத்தின் கறுப்பு மஞ்சள் அம்பாசிடர். இரண்டு வருஷம் ஓடியது. சாந்தோம், லஸ், ஆழ்வார்ப்பேட்டை, தேனாம்பேட்டை, தி. நகர். மறுபடி அதே வழியில் திரும்பல்.

ஊரில் யாரோடும் வாயடிக்கும் பொன்னுரங்கம் அந்தச் சவாரியில் மட்டும் ஊமையாகிவிடுவார். அது போதாதென்று இன்னொன்றும் செய்தார். முன்னால் இருக்கும் கண்ணாடியை, பின்சீட்டில் இருப்பவர் முகம் தெரியாதபடி, கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். பெண்பிள்ளை தனியாக வரும் வண்டி, நாம் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்ற பயம். பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டுவார்.

வலியுல்லா ஸ்டாண்டில் வைத்தே கேட்டுவிட்டார்.

"இன்னா நைனா, கண்ணாடி மேல பாத்துக்கினு கீது? பின்னால லாரி வந்தா ஆகாசவாணி சொல்லுமா?"

"ஸ்க்ரூ லூசு பாய்."

"ஆமா, எதுவோ லூசு. சிஸ்டர் சிஸ்டர்னு கூப்ட்டுக்கினு இப்பிடி மூஞ்சி செவக்கறவன நான் பாத்ததே இல்ல."

நர்ஸ்களை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பொன்னுரங்கமும் அப்படியே கூப்பிட்டார். அவள் அவரை "டிரைவரே" என்பாள்.

நாளடைவில் கொஞ்சம் பேச்சு வந்தது. பெரும்பாலும் அவள்தான் பேசினாள். பெரியவர் இன்றைக்கு ஸ்பூனைப் பிடித்தார், இன்றைக்குக் கோபத்தில் டம்ளரைத் தட்டிவிட்டார், அவர் சம்சாரம் இசக்கியம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டு வருவாள். பொன்னுரங்கம் ரோட்டைப் பார்த்தபடி "அப்பிடியா சிஸ்டர்" என்பார். அவள் லீவு போட்ட நாட்களில் அவர் வேறு சவாரி எடுக்காமல் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். துடைத்த இடத்தையே துடைப்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆயுத பூஜை. ஊரில் ஓடும் எல்லாச் சக்கரங்களுக்கும் அன்று குளியல் உண்டு, மாலை உண்டு. பொன்னுரங்கமும் காலையிலேயே வண்டியைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, தி. நகர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். மாலையில் மேரி வெளியே வரும்போது கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருந்தது. அரைத்த சந்தனம். பின்னாலேயே இசக்கியம்மாள்.

"நம்ம வீட்டுக்கு ஓடுத வண்டில்லா? அதுக்கும் வச்சிட்டுப் போம்மா. நான் கும்புட்டாச்சு."

"நான் வைக்கலாமாம்மா? நான் வேதக்காரப் பொண்ணு."

"வண்டிக்கு என்னத்தத் தெரியும்? வையி."

மேரி சிரித்துக்கொண்டே பானெட்டில் ஒரு பொட்டு, கதவில் ஒரு பொட்டு, ஸ்டியரிங்கில் ஒன்று என்று வைத்தாள். பொன்னுரங்கம் எஞ்சினுக்கும் வைக்க வேண்டும் என்று பானெட்டைத் திறந்தார். பக்கவாட்டில் இருந்த கறுப்பு மூடியைக் காட்டினார்.

"இதான் டெல்கோ சிஸ்டர். நாலு பிளக்குக்கும் இதான் கரண்டு பிரிச்சுக் குடுக்குது. இது இல்லேன்னா வண்டி வெறும் தகரம்."

"அப்ப இதுக்குத்தான் முக்கியமா வைக்கணும்."

டெல்கோ மூடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு முளை, அதைச் சுற்றி நான்கு மூலைக்கு நான்கு. ஐந்திலிருந்தும் கறுப்பு ஒயர்கள் கிளம்பும். மேரி விரலில் சந்தனத்தை எடுத்து நடு முளையின் அடியில் வைத்தாள். விரல் அங்கே நிற்கவில்லை. அங்கிருந்து ஒரு மூலைக்கு, பிறகு எதிர் மூலைக்கு, பிறகு குறுக்கே. பார்த்தால் ஒரு சிலுவை.

அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, கை தானா போட்டுடுச்சு. அழிச்சிடட்டுமா?"

"இருக்கட்டும் சிஸ்டர். என் வண்டிக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டீங்க. இனிமே ஞாயித்துக்கெழம லீவு கேக்கும்."

அவர் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். இதைச் சொல்லும்போது பொன்னுரங்கமும் எதையாவது பிடித்துக்கொள்வார்.

டெல்கோ மூடியில் ஈரம் ஆகாது, அழுக்கு ஆகாது என்பது டாக்ஸி ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். முளைக்கு முளை அழுக்குப் படிந்து, அதில் ஈரமும் சேர்ந்துவிட்டால், கரண்டு தன் வழியில் பிளக்குக்குப் போகாமல் அந்த அழுக்கின் மேலேயே ஓடி வீணாகிவிடும். மற்ற டிரைவர்களும் அங்கே பொட்டு வைப்பார்கள்தான். மறுநாள் காலை துடைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள். பொன்னுரங்கம் துடைக்கவில்லை. மறுநாளும் துடைக்கவில்லை. அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. சந்தனம் காய்ந்து கறுப்பின் மேல் கோடாகப் படிந்தது. வண்டி நன்றாக ஓடியது. தினமும் எண்ணெய் பார்க்க என்று பானெட்டைத் திறப்பார். எண்ணெய் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

ஒருநாள் வலியுல்லா எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது, டெல்கோ மேல குருசு?"

"டிசைன் பாய்."

"மழை வந்தா தெரியும் உன் டிசைன். தொட்ச்சிப் போடுடா."

"தொடைக்கறேன், தொடைக்கறேன்."

தீபாவளி முடிந்த வாரத்தில் சண்முகவேல் காலமானார். சவாரி நின்றது. கடைசியாக சாந்தோமில் இறங்கும்போது மேரி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"டிரைவரே, எனக்குக் குவைத்துல வேலை கெடச்சிருக்கு. அடுத்த வாரம் பம்பாய் வண்டி. அங்கேர்ந்து நர்ஸுங்க எல்லாரையும் கூட்டமா பிளேன்ல அனுப்பறாங்க. ஸ்டேஷனுக்கு நீங்கதான் வரணும்."

"வராம?" என்றார் பொன்னுரங்கம். அந்தக் கூட்டத்தோடு போகாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஒருத்தியை எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் அவள் சொன்னாள். வீடு அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

அந்த ஒரு வாரம் அவர் டீக்கடையில் நின்று ஆறிப்போன டீயைக் குடித்தார். "சொல்லேண்டா" என்று வலியுல்லா அவரை உலுக்கியிருக்கிறார்.

"இன்னான்னு சொல்றது பாய்? போவாதன்னா? அவுங்க வீட்ல அடுப்பு யார் ஏத்தறது?"

"போவாதன்னு சொல்ல வேணாம். போய்ட்டு வான்னு சொல்லு. வான்றத மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லு."

புறப்படும் நாள் காலை பொன்னுரங்கம் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே போய்ச் சேர்ந்து, கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். அப்போது வானம் இருட்டியிருந்ததே தவிரத் தூறலில்லை. மேரி கோயிலுக்குப் போய்விட்டு வரவேண்டும் என்றாள். அவள் போன பிறகு பிடித்தது மழை. கடல் காற்று அந்த மழையைத் தூக்கி வண்டியின் முன்பக்கக் கம்பி வலை வழியாக எஞ்சினுக்குள் அடித்தது. அவள் திரும்பி வந்து, டிரங்குப் பெட்டியை டிக்கியில் ஏற்றி, அம்மா அழுது முடித்து, எல்லாரும் கையாட்டத் தயாராக நின்றபோது பொன்னுரங்கம் செல்ஃபை இழுத்தார்.

க்ர்ர்... க்ர்ர்... க்ர்ர்...

மறுபடி இழுத்தார். எஞ்சின் சுற்றியது. ஒரு தடவை புஸ் என்று மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

இறங்கிப் பானெட்டைத் திறந்தார். மூடியை அவர் பார்க்கவில்லை. கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் பைப்பைக் கழற்றி, பம்பைக் கையால் அடித்துப் பார்த்தார். பெட்ரோல் பீச்சியது. பைப்பை மாட்டினார். கார்புரேட்டரில் தூசி இருக்குமோ என்று ஊதினார். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். தேவையே இல்லாத வேலை. மேரியின் பெரிய தம்பி பதறிப்போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் பறந்தான். வலியுல்லா தன் வண்டியோடு வந்து சேர்ந்தார்.

"தள்ளு. நீ போய் ஒயரப் பிடி, நான் செல்ஃப் அடிக்கறேன்."

பொன்னுரங்கம் ஒரு பிளக் ஒயரை உருவி அதன் நுனியை எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தார். வலியுல்லா செல்ஃப் அடித்தார். பொறி இல்லை. பிறகு பொன்னுரங்கம், கரண்டைப் பெருக்கி அனுப்பும் காயிலிலிருந்து டெல்கோவுக்கு வரும் ஒயரை மூடியின் நடுவிலிருந்து உருவிப் பிடித்தார். டப், டப் என்று நீலமாக, தடியாகப் பொறி பறந்தது. டெல்கோ வரைக்கும் கரண்டு வருகிறது. டெல்கோவைத் தாண்டிப் போகவில்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். பொன்னுரங்கம் அந்த ஒயரைத் திரும்பச் சொருகிவிட்டு, மறுபடியும் பெட்ரோல் பைப்பில் கை வைத்தார்.

வலியுல்லா இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"பெட்ரோல் வருது. கரண்டு வருது. உனுக்குத்தான் மனசு வர்ல."

பொன்னுரங்கம் பைப்பை மறுபடி முறுக்கினார்.

"தொடைடா. ஒரு நிமிஷ வேல."

"வேணாம் பாய்."

"ரயில் போய்டும்டா. அந்தப் பொண்ணு பொழப்பு போய்டும். அதுவா வேணும் உனுக்கு?"

"அய்யய்ய, அது இல்ல."

"அப்ப ஒண்ணு பண்ணு. என் வண்டில ஏத்தி அனுப்பு. உன் குருசும் பத்திரமா இருக்கும், அவங்களும் ரயில் புடிப்பாங்க. நீ இங்கியே குந்திக்கினு டிசைன் பாத்துக்கினு இரு."

பேசிக்கொண்டே வலியுல்லா டிக்கியைத் திறந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துவிட்டார். பொன்னுரங்கம் தடுக்கவில்லை. தோளில் கிடந்த மஞ்சள் துணியைக் கையில் எடுத்தார். மறுபடி தோளில் போட்டார். துடைத்தால் சென்ட்ரல் வரைக்கும் அவள் அவர் வண்டியில் வருவாள். துடைக்காவிட்டால் கோடு இருக்கும், ஆள் வலியுல்லா வண்டியில் போய்விடுவாள். அந்த மழையில் நின்றபடி எது பெரிது என்று தனக்குத் தெரியவில்லை என்றார் என்னிடம். "ரெண்டும் ஒரே கைல தொடைக்கற மாதிரி இருந்துச்சு சார்."

மேரி குடையோடு வண்டியின் முன்னால் வந்தாள். வலியுல்லாவின் வண்டிப் பக்கம் அவள் போகவில்லை. பானெட்டுக்குள் குனிந்து பார்த்தாள். கறுப்பு மூடியின் மேல் வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த கோடுகள் இப்போது ஊறி, போட்ட அன்று இருந்ததுபோல மஞ்சளாகியிருந்தன.

"இதுதானா?"

"இன்னாது சிஸ்டர்?"

"நான் போட்டது. இன்னும் இருக்கே."

அவர் தரையைப் பார்த்தார்.

"அப்பவே தொடைச்சிருக்கக் கூடாதா?"

"தோணல."

"மழை வரும்னு தெரியாதா உங்களுக்கு?"

"மழ வரும்னு தெரியும். இன்னிக்கி வரும்னு தெரியாது."

அவள் அவரையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குடையை அவர் கையில் கொடுத்தாள். "பிடிங்க." கைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள்.

"நான் தொடைக்கறேன், குடுங்க" என்று வலியுல்லா முன்னால் வந்தார்.

"நான் போட்டது. நானே எடுத்துக்கறேன்."

எடுத்துக்கறேன் என்றுதான் சொன்னாளாம். இதில் மட்டும் இரண்டு பேர் சொன்னதும் பொருந்துகிறது.

பொன்னுரங்கம் குடையை எஞ்சினுக்கு மேலே பிடித்தார். அவர் முதுகு முழுக்க நனைந்தது. "ஒயர் அடில நல்லா அழுத்துங்க சிஸ்டர். ஈரமே இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அவள் நடு முளையிலிருந்து ஆரம்பித்து, போட்ட வரிசையிலேயே, ஒவ்வொரு மூலையாகத் துடைத்தாள். பெட்ரோல் வாசனைக்கும் மழை வாசனைக்கும் நடுவில் சந்தனம் மணத்தது. மூடி வெறும் கறுப்பாக மினுமினுத்தது. கைக்குட்டையைக் கறை உள்ளே போகும்படி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப எடுங்க."

அவர் போய் உட்கார்ந்து செல்ஃபை இழுத்தார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பற்றிக்கொண்டது.

வலியுல்லா தலையில் அடித்துக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் திரும்பத் தூக்கினார். "இங்க ஏத்து, அங்க எறக்கு. நான் இன்னா போர்ட்டரா? ரெண்டும் லூசுங்க. சிஸ்டர், நல்லா போய்ட்டு வாங்க. அங்க ஒருத்தன் வாயில கொழுக்கட்ட கீது, அவனுக்கும் சேத்து நானே சொல்லிடறேன்."

கடற்கரைச் சாலையில் மழை ரோட்டை மறைத்தது. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"டிரைவரே, இன்னிக்காவது அந்தக் கண்ணாடியைக் கீழ எறக்கி வைங்க."

இரண்டு வருஷமாக அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

அவர் கையைத் தூக்கிக் கண்ணாடியை இறக்கினார். முதலில் அவள் நெற்றி தெரிந்தது, பிறகு கண். வண்டி கோட்டையைத் தாண்டியது. அப்புறம் அவர்தான் கேட்டார்.

"எத்தினி வருஷம் சிஸ்டர்?"

"ரெண்டுன்னு எழுதியிருக்கு. அப்புறம் லீவு தருவாங்களாம்."

"லீவ ஆயுத பூஜைக்குக் கேளுங்க."

அவள் சிரித்தாள். "குவைத்துக்காரனுக்கு ஆயுத பூஜைன்னா என்னன்னு தெரியும்?"

"நீங்க சொல்லுங்க. வண்டிக்குப் பொட்டு வெக்கணும்னு சொல்லுங்க."

சென்ட்ரல் வாசலில் போர்ட்டர் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டான். மேரி இறங்கி, ஒரு கண் அவன்மேல் வைத்தபடி, ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"வண்டியைப் பார்த்துக்குங்க. மழைக்காலம். அந்த மூடியில ஒண்ணும் போடாதீங்க."

"போட மாட்டேன். வேற யாரையும் போட வுட மாட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். போர்ட்டர் கூட்டத்தில் மறைந்துகொண்டிருந்தான். "சரி" என்றாள். பிறகு அவன் பின்னால் ஓடினாள்.

அந்த ஒரு "சரி" எப்படிச் சொல்லப்பட்டது என்று வலியுல்லா அவரைப் பலமுறை கேட்டிருக்கிறார். சரி போகட்டும் என்ற சரியா, சரி வருகிறேன் என்ற சரியா? பொன்னுரங்கம் ஒவ்வொரு தடவையும் யோசித்துவிட்டு, "சரின்னாங்க பாய்" என்றுதான் சொல்வார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்று நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். ஸ்டாண்டில் பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கத்தின் வண்டியில் சந்தனம் படாத இடமில்லை. பாட்டரிக்குப் பொட்டு, காயிலுக்குப் பொட்டு, ரேடியேட்டருக்குப் பட்டை. டெல்கோ மூடி மட்டும் வெறும் கறுப்பு. அதற்கும் அடுத்த வருஷம் அவள் வரவேண்டிய வருஷம். பொன்னுரங்கம் அன்று சவாரி எடுக்கவில்லை. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு, பானெட்டைத் திறந்தபடியே மாலை வரைக்கும் நின்றார். சந்தனம் காயக் காயத் தண்ணீர் தெளித்தார். மேரியின் தம்பிதான் வந்து சொன்னான், அக்காவை இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவளும் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று. சின்னவனுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது.

"மூடுடா பானெட்ட. தூசி பூந்துக்கப் போவுது" என்றார் வலியுல்லா. அன்று அவர் கிண்டல் செய்யவில்லை.

நான் ஊரை விட்டுக் கிளம்பியது எழுபத்து ஏழு நவம்பரில். மீனம்பாக்கத்துக்குப் பொன்னுரங்கம்தான் கொண்டுவிட்டார். அன்றும் மழை. என் பெட்டிகளை ஏற்றியதும் பானெட்டைத் திறந்து, உலர்ந்த துணியால் டெல்கோ மூடியைத் துடைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். எல்லாம் தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு சின்னப் பொட்டாவது வைக்கலாமே பொன்னுரங்கம். ஓரமா வச்சா கரண்டு லீக் ஆகாதே?"

"லீக் ஆவாது சார்." துணியை உதறி மடித்தார். "அது அவங்க எடம்."

கிண்டி தாண்டும்போது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், நீங்க போற பிளேன் குவைத்து வழியாவா போவுது?"

"பம்பாய்ல மாறணும். அப்புறம் குவைத்துல ஒரு மணி நேரம் நிக்கும். ஆனா நம்மள இறங்க விடமாட்டாங்க."

"நிக்கும்ல?"

"நிக்கும்."

"போதும் சார்" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் எதையும் கொடுத்தனுப்பவில்லை.

குவைத்தில் விமானம் இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் தெரிந்ததெல்லாம் மணலும் எண்ணெய் லாரிகளும்தான். தூரத்தில் வெள்ளையாகச் சில கட்டடங்கள். அதில் ஒன்று ஆஸ்பத்திரியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரோ இரண்டு பேர் இறங்கினார்கள், நாலைந்து பேர் ஏறினார்கள். ஏறியவர்களில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண்ணைப் பார்த்ததும் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அது மேரி இல்லை. இந்தப் பிளேன் ஊருக்குப் போகிற பிளேனும் இல்லை.

கதவை மூடினார்கள். எஞ்சின் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போய்விடட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

எடுத்துவிட்டது.